ஒரு பள்ளி, இரண்டு நோபல் பரிசு, ஒரே ஓர் உபகாரச் சம்பளம்

உலக வரைபடத்தில் செயிண்ட் லூசியாவைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் மணி கோத்ததுபோல் வரிசையாக நிற்கும் தீவுகளில் அதுவும் ஒன்று. பரப்பளவு சுமார் 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சிறியது. மக்கள்தொகை இரண்டு இலட்சத்தைத் தொடாது. இந்தத் தீவின் தலைநகரமான காஸ்ட்ரீஸில் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய ஆண்கள் இடைநிலைப்பள்ளி ஒன்று இருக்கிறது. பெயர் செயிண்ட் மேரிஸ் காலேஜ். காலேஜ் என்றதும் பட்டப்படிப்பு என்று நினைக்க வேண்டாம். கோலகங்சார் மலாய் கல்லூரியைப் போல இதுவும் பள்ளிக்கூடம்தான். அங்கே படித்த இரண்டு பேர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். 1979-இல் பொருளாதாரத்துக்காக ஆர்தர் லூயிஸ். 1992-இல் இலக்கியத்துக்காக டெரிக் வால்காட்.

இருவரும் பிறந்தது ஜனவரி 23-ஆம் தேதி. லூயிஸ் 1915, வால்காட் 1930. பதினைந்து ஆண்டு இடைவெளி என்பதால் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியை ஒட்டி ‘நோபல் வாரம்’ என்று தீவே விழாக் கொண்டாடுகிறது.

பொருளாதாரம் படிக்கும் எனக்கு லூயிஸ் என்பவர் முதலில் ஒரு மனிதராக அறிமுகமாகவில்லை. ‘லூயிஸ் மாதிரி’ என்று பாடநூலில் ஓர் அத்தியாயம், ஒரு வரைபடம், தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வி, அவ்வளவுதான். பிறகொரு நாள், நோபல் பரிசு பெற்றவர்கள் தங்களைப்பற்றி எழுதித் தரும் குறிப்புகளில் அவருடையதைப் படித்தேன். இரண்டு மூன்று பக்கம்தான். பதினான்கு வயதில் பள்ளியை முடித்துவிட்டு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்த பையன் அதில் வருகிறான். அங்கிருந்துதான் இந்தப் பள்ளியைப்பற்றித் தேட ஆரம்பித்தேன். இரண்டு நோபல் பரிசு என்றால், மாணவர்களை அப்படிச் சலித்து எடுக்கும் அற்புதமான பள்ளியாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். கதை அப்படி இல்லை.

பிரெஞ்சுக் குரு, ஆங்கிலப் பாடம், வீட்டில் வேறொரு மொழி

செயிண்ட் லூசியா பிரெஞ்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்குமாகப் பதினான்கு முறை மாறியது என்பார்கள். கடைசியில் 1814-இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. ஆட்சி மாறினாலும் மக்கள் மாறவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே அங்கே பெரும்பான்மை. அவர்கள் மதம் கத்தோலிக்கம். வீட்டுமொழி, பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவான ‘குவேயோல்’. அரசாங்க மொழி மட்டும் ஆங்கிலம்.

இந்தச் சூழலில் 1890-ஆம் ஆண்டு காஸ்ட்ரீஸில் பாதிரியார் தாப்போன் என்ற பிரெஞ்சுக் குருவானவரின் முயற்சியால் செயிண்ட் மேரிஸ் காலேஜ் தொடங்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி தருவது நோக்கம். (பெண்பிள்ளைகளுக்குக் கன்னியர் நடத்தும் செயிண்ட் ஜோசப்ஸ் கான்வென்ட் அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. பெண்கல்வி எப்போதும் பின்னால்தான் வரும் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது.) பின்னர், 1940-களின் பிற்பாதியில், அயர்லாந்திலிருந்து வந்த பிரெசென்டேஷன் சகோதரர்கள் பள்ளியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

படித்தது இலத்தீன், ஆங்கில இலக்கியம், கணிதம். எழுதியது இங்கிலாந்திலிருந்து வந்த கேம்பிரிட்ஜ் தேர்வு. இதைப் படிக்கும்போது எனக்கு நம்முடைய மிஷன் பள்ளிகள் நினைவுக்கு வந்தன. 1852-இல் லசாலியச் சகோதரர்கள் தொடங்கிய பினாங்கு செயிண்ட் சேவியர்ஸ், 1904-இல் வந்த கோலாலம்பூர் செயிண்ட் ஜான்ஸ், 1912-இல் வந்த ஈப்போ செயிண்ட் மைக்கல்ஸ் எல்லாம் இதே அச்சில் வார்த்தவைதான். ஒன்றாம் படிவம், இரண்டாம் படிவம் என்று நாம் சொல்லும் அதே ‘படிவம்’ அங்கேயும் உண்டு. ஒரே பேரரசு, ஒரே தேர்வுத்தாள், நடுவில் இரண்டு பெருங்கடல்கள்.

குவேயோல் மொழிக்கு மட்டும் வகுப்பறையில் இடமில்லை. அது பேச்சுக்கு மட்டும் ஆகும் கொச்சை என்றே பள்ளிகள் கருதின. கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடமே புரியாத மொழியில்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய் முதல் மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது ஓரளவு புரியும். ஆனாலும் நமக்குத் தமிழ்ப்பள்ளி என்ற ஒன்றாவது இருந்தது. குவேயோல் பேசியவர்களுக்கு அதுவும் கிடையாது.

நோபல் பரிசு பெற்ற இரண்டு பேரும் அந்தக் குவேயோல் பேசும் கத்தோலிக்கப் பெரும்பான்மையிலிருந்து வந்தவர்கள் அல்லர். லூயிஸின் பெற்றோர் ஆண்டிகுவா தீவிலிருந்து குடியேறிய ஆசிரியர்கள். வால்காட்டின் குடும்பம் மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்தது. அவருடைய அம்மா மெத்தடிஸ்ட் தொடக்கப்பள்ளியை நடத்தியவர். இரண்டு வீட்டிலும் ஆங்கிலமும் புத்தகமும் இருந்தன. கத்தோலிக்கப் பள்ளியின் பெருமை என்று எல்லாரும் எழுதும் கட்டுரைகளில் இந்தத் தகவல் ஓரத்தில்தான் வருகிறது. எனக்கென்னவோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. வாசல் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொல்லலாம். வாசல்வரை நடந்துவர முடிந்தவர்கள் எத்தனை பேர்?

எழுத்தர் மேசையில் மூன்று ஆண்டுகள்

லூயிஸுக்குச் சுமார் ஏழு வயது இருக்கும்போது உடம்புக்கு முடியாமல் சில வாரம் பள்ளிக்குப் போகவில்லை. படிப்பு விட்டுப்போகக் கூடாது என்று அப்பா வீட்டிலேயே பாடம் நடத்தினார். திரும்பிப் போனபோது பையன் தன் வகுப்பைத் தாண்டிவிட்டான். நான்காம் வகுப்பிலிருந்து நேராக ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு பள்ளிக்காலம் முழுக்கத் தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பையன்களோடுதான் படித்தான். படிப்பில் அவர்களுக்குச் சமம். விளையாட்டுத் திடலில் சமமில்லை. அந்தத் தாழ்வுணர்ச்சியை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அடுத்த அடி சீக்கிரமே விழுந்தது. அதே ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். ஐந்து ஆண்பிள்ளைகளையும் அம்மா ஐடா தனியாக வளர்த்தார். பதினான்கு வயதில் லூயிஸ் செயிண்ட் மேரிஸில் படிக்க வேண்டிய அத்தனையும் படித்து முடித்துவிட்டான். மேலே போக ஒரே வழி அரசாங்க உபகாரச் சம்பளம். தீவு முழுவதற்கும் கிடைக்கக்கூடியது ஒன்று. வென்றவர் இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகலாம். ஆனால் அந்தத் தேர்வு எழுத அவனுக்கு வயது போதாது. ஆகவே அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கடிதம் எழுதவும், தட்டச்சு செய்யவும், கோப்புகளை ஒழுங்காக அடுக்கவும் அங்கே கற்றுக்கொண்டதாக எழுதுகிறார். ஆனால் அதற்காக வரலாறும் இலக்கியமும் படிக்கும் நேரம் போயிற்று என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

1932-இல் தேர்வு எழுதி வென்றார். என்ன படிப்பது? மனத்தில் இருந்தது பொறியியல். ஆனால் காலனி அரசாங்கமும் சரி, கரும்புத் தோட்ட முதலாளிகளும் சரி, கறுப்பரைப் பொறியியலாளராக வேலைக்கு வைக்க மாட்டார்கள். கறுப்பின இளைஞனுக்குத் திறந்திருந்தவை சட்டம், மருத்துவம், ஆசிரியப்பணி, சமய ஊழியம் ஆகிய நான்கு. அவருக்கு நான்கிலும் நாட்டமில்லை. கடைசியில் லண்டன் பொருளியல் பள்ளியில் வணிகவியல் பட்டத்துக்குச் சேர்ந்தார். பொருளாதாரம் என்றால் என்னவென்றே அப்போது தனக்குத் தெரியாது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1937-இல் முதல் வகுப்பில் தேறினார். அங்கேயே விரிவுரையாளரானார், அந்தப் பள்ளி நியமித்த முதல் கறுப்பின விரிவுரையாளர் அவர்தான். 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அப்போது வயது முப்பத்து மூன்று.

இந்த வரிசையை வாசித்தால் தங்கப்பதக்கக் கதைபோல ஓடுகிறது. ஆனால் 1932-இல் அந்தத் தீவில் இன்னொரு பையன் சில மதிப்பெண் கூடுதலாக எடுத்திருந்தால்? லூயிஸ் அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி முன்னாலேயே இருந்திருப்பார். பதவி உயர்ந்து தலைமை எழுத்தராகி ஓய்வு பெற்றிருப்பார். பள்ளியும் அவரை மறந்திருக்கும். அப்படி ஓய்வு பெற்ற எழுத்தர்கள் அந்த அலுவலகங்களில் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் யாரும் வாரம் கொண்டாடுவதில்லை.

இது அவர்களுடைய கதை மட்டும் அல்ல. நீரிணைக் குடியேற்றங்களில் 1880-களில் தொடங்கிய குயின்ஸ் ஸ்காலர்ஷிப்பும் இதே வகைதான். ஆண்டுக்கு ஓரிருவருக்கு மட்டும் இங்கிலாந்துப் படிப்பு. எஸ்பிஎம் முடிவு வெளியாகும் வாரத்தில் இன்றும் நாம் பத்திரிகையில் தேடுவது யாருடைய படங்களை? முன்வரிசையில் ‘ஏ’க்களை எண்ணிக் காட்டுபவர்களின் படங்களைத்தானே. என் நண்பர்கள் சிலருக்கு ஒரு புள்ளி வித்தியாசத்தில் கேட்ட துறை கிடைக்காமல் போயிருக்கிறது. அவர்களில் யாரும் அந்த ஒரு புள்ளி அளவுக்கு அறிவு குறைந்தவர்களாக எனக்குத் தெரியவில்லை.

தோற்றுப்போனவர்

வால்காட்டின் கதை இன்னும் நேரடியானது. அவர் அந்த உபகாரச் சம்பளத்தை வெல்லவே இல்லை. கணிதம் காலை வாரிவிட்டது.

அப்பா வார்விக், ஓய்வு நேரத்தில் படம் வரைந்தவர், கவிதை எழுதியவர். டெரிக்குக்கும் அவருடைய இரட்டைச் சகோதரர் ரொட்ரிக்குக்கும் ஒரு வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா அலிக்ஸ் பள்ளியில் கற்பித்தார், துணியும் தைத்தார். டெரிக் பதினான்கு வயதில் தீவின் நாளேட்டில் முதல் கவிதையை வெளியிட்டார். இயற்கையின் வழியாகக் கடவுளை அறிவதைப் பற்றியது. உடனே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், இது திருச்சபைப் போதனைக்கு முரண் என்று அதே பத்திரிகையில் கண்டித்து எழுதினார். கண்டனத்தையும் கவிதையாகவே எழுதினார்! பதினான்கு வயதுப் பையனை எதிர்த்து ஒரு பெரியவர் செய்யுள் இயற்றிய நாடு எவ்வளவு நல்ல நாடு என்று சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் அந்த வயதில், கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் மெத்தடிஸ்ட் மாணவனுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. வால்காட்டே அது தன்னை எவ்வளவு புண்படுத்தியது என்று பின்னர் பேசியிருக்கிறார்.

உபகாரச் சம்பளம் போனபிறகு அவர் செயிண்ட் மேரிஸிலேயே ஆசிரியரானார். பதினெட்டு வயதில் ஒரு காரியம் செய்தார். புத்தகம் போட வேண்டும் என்று அம்மாவிடம் இருநூறு டாலர் கேட்டார். தையல் வேலையும் ஆசிரியச் சம்பளமும் கொண்டு குடும்பம் நடத்திய அம்மாவுக்கு அது பெரிய தொகை. எப்படியோ திரட்டிக் கொடுத்தார். டிரினிடாட்டில் அச்சிட்டு வந்த ‘25 கவிதைகள்’ நூலை வால்காட் நண்பர்களிடமும் தெருமுனைகளிலும் தானே விற்று அம்மாவின் பணத்தைத் திருப்பினார். அது 1948. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பெருந்தீ ஒன்று காஸ்ட்ரீஸ் நகரத்தின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. நூல் வந்த ஆண்டே நகரம் போனது.

பள்ளியில் அப்போது ஐரிஷ் சகோதரர்கள் வந்திருந்தார்கள். அயர்லாந்தும் ஆங்கிலேயரிடம் அடிபட்ட தீவு. ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே ஆங்கிலேயராக இல்லாமல் இருக்க முடியும் என்பதை அயர்லாந்து எழுத்தாளர்களிடம் கற்றதாக வால்காட் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். ஐரிஷ் நாடகாசிரியர் சிங் எழுதிய கடலோர மீனவர் நாடகத்தின் தாக்கத்தில், தன் தீவின் மீனவர்களை வைத்து, குவேயோல் கலந்த பேச்சில் ‘தி சீ அட் டோஃபின்’ என்ற நாடகத்தை எழுதினார். வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மொழி மேடைக்கு வந்தது. இந்த ஒரு விஷயத்துக்காக அந்தப் பள்ளிக்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன். பாடத்திட்டம் கொடுக்காததை ஆசிரியர்கள் கைவசம் வைத்திருந்த புத்தகங்கள் கொடுத்தன.

சரி, தேர்வில் தோற்றவர் பல்கலைக்கழகம் போனது எப்படி? இங்கேதான் பள்ளிக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.

காஸ்ட்ரீஸ் துறைமுகம் அந்தக் காலத்தில் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் இடம். கூடையில் நிலக்கரியை அள்ளித் தலையில் சுமந்து பலகைப் பாலத்தில் ஏறிக் கொட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1935-இல் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1930-களில் டிரினிடாட், பார்படோஸ், ஜமாய்க்கா என்று ஆங்கிலேய கரீபியன் முழுக்க இப்படிக் கொந்தளிப்பு. லண்டனில் இருந்த இளம் லூயிஸ் இந்தப் போராட்டங்களைப்பற்றி 1939-இல் ஒரு சிறு நூல் எழுதினார். பிரிட்டிஷ் அரசாங்கம் மொய்ன் பிரபு தலைமையில் விசாரணை ஆணையம் அனுப்பியது. அதன் விளைவாகக் காலனிகளின் வளர்ச்சிக்கும் நலனுக்கும் 1940-இல் ஒரு நிதிச் சட்டம் வந்தது. 1948-இல் ஜமாய்க்காவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்றே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. 1950-இல் அந்த வளர்ச்சி நிதியின் உபகாரச் சம்பளத்தில்தான் வால்காட் அங்கே படிக்கப் போனார்.

கவிஞருக்குக் கதவைத் திறந்துவிட்டது அவர் எழுதிய தேர்வு அல்ல. தெருவில் இறங்கிய தொழிலாளர்கள். வேலைநிறுத்தம் நடந்தபோது வால்காட்டுக்கு ஐந்து வயது. அந்தப் பெண்களுக்கு இப்படியொரு பலன் வரும் என்று தெரிந்திருக்காது.

அதே பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பத்தாண்டு கழித்துத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? ஆர்தர் லூயிஸ். அவர் காலத்தில் டிரினிடாட்டிலும் பார்படோஸிலும் வளாகங்கள் வந்தன. 1962-இல் அது லண்டன் பல்கலைக்கழகத்தின் நிழலிலிருந்து விலகி மேற்கிந்தியப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தரும் அவரே. ஒரே ஒரு நாற்காலிக்காக மூன்று ஆண்டு காத்திருந்தவர், நாற்காலிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் வேலைக்கு வந்தார்.

தீவை விட்டுப் போகாதவர்

மூன்றாவதாக ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. டன்ஸ்டன் செயிண்ட் ஓமர். வால்காட்டின் நண்பர், அவரும் செயிண்ட் மேரிஸ் மாணவர், ஆனால் கத்தோலிக்கர். ஓவியர் ஹெரால்ட் சிம்மன்ஸிடம் இருவரும் சேர்ந்து படம் வரையக் கற்றார்கள். இந்தத் தீவை முழுவதுமாகச் சொல்லிலும் வண்ணத்திலும் கொண்டுவராமல் இங்கிருந்து போவதில்லை என்று இரண்டு இளைஞர்களும் சபதம் செய்துகொண்டார்கள். வால்காட் போனார், உலகம் சுற்றினார். செயிண்ட் ஓமர் இருந்தார். நாட்டுக் கொடியை வடிவமைத்தவர் அவர்தான். பள்ளிப்பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1970-களில் ரோசோ பள்ளத்தாக்கில் ஒரு கிராமத் தேவாலயத்தின் சுவரில் திருக்குடும்பத்தை வரைந்தபோது மரியாளையும் குழந்தை இயேசுவையும் கறுப்பர்களாக வரைந்தார். சுற்றிலும் அந்த ஊர் மக்களையே நிறுத்தினார். பிறகு காஸ்ட்ரீஸ் பேராலயத்தின் சுவர்களிலும் அவர் தூரிகை ஓடியது. பிரெஞ்சுக் குருக்கள் கொண்டுவந்த வெள்ளை முகச் சிலைகளைப் பார்த்து வளர்ந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. நோபல் பரிசு ஓவியத்துக்குக் கிடையாது. அதனால் வெளியூர்க்காரர்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை.

பேங்காக் தெருவும் பால் மரமும்

இனி நமக்கு நெருக்கமான பகுதி. லூயிஸுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த கருத்து பிறந்தது கரீபியனிலும் அல்ல, மான்செஸ்டரிலும் அல்ல. 1952 ஆகஸ்டில் ஒரு நாள் பேங்காக்கில் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று விடை கிடைத்ததாக அவரே எழுதுகிறார்.

கேள்வி இதுதான். கரும்பு விளைச்சல் பல மடங்கு கூடியிருக்கிறது. ஆனாலும் கரும்பு வெட்டுபவர் ஏன் ஏழையாகவே இருக்கிறார்? லூயிஸின் பதில்: தோட்டத்துக்கு வெளியே, சொந்த நிலத்தில் வயிறு நிறையாமல், அதே கூலிக்கு வரத் தயாராக ஏராளமானோர் காத்திருக்கும்வரை கூலி ஏறாது. உற்பத்தி கூடினால் இலாபம் கூடும், அல்லது வெளிநாட்டில் சீனி விலை குறையும். தொழிலாளிக்கு ஒன்றும் மிஞ்சாது. காத்திருக்கும் கூட்டம் தீர்ந்தால்தான் கூலி நகரும். 1954-இல் வந்த அந்தக் கட்டுரைதான் நம் பாடநூல் வரைபடத்தின் பின்னால் இருப்பது.

1978-இல் வந்த ஒரு சிறு நூலில் இதை இன்னும் விரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியா, கனடா போன்ற குளிர்நாடுகளுக்குப் போனார்கள். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வெப்பநாடுகளின் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். முன்னவருக்கு அதிகச் சம்பளம் கொடுத்தால்தான் ஊரைவிட்டு வருவார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் விவசாயம் நன்றாக விளைந்தது. பின்னவர் ஊரில் விளையவில்லை. ஆகவே கொஞ்சம் கொடுத்தாலே வந்தார்கள். தேயிலையும் ரப்பரும் மலிவாகவும், கம்பளியும் கோதுமையும் விலை கூடியும் இருந்ததற்கு அதுதான் அடிப்படை என்றார்.

இதைப் படித்தபோது நூலகத்தில் கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. என் பாட்டியின் அப்பா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஏன் அவ்வளவு குறைந்த கூலி என்று கேட்டால் பாட்டி, “வெள்ளைக்காரன் குடுத்தது அவ்வளவுதான்டா” என்பார். அது தவறில்லை. ஆனால் வெள்ளைக்காரன் அவ்வளவு மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆனது எப்படி என்பதை, உலகத்தின் மறுபக்கம் கரும்புத் தோட்டத் தீவில் பிறந்த ஒருவர் எனக்கு விளக்கினார். அந்தத் தீவுக்கும் 1859 முதல் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்திருக்கிறார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

வால்காட்டும் அந்தக் கப்பல்களை மறக்கவில்லை. 1992 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையைத் தொடங்கியபோது அவர் கவிதையிலிருந்தோ கடலிலிருந்தோ தொடங்கவில்லை. டிரினிடாட்டின் ஃபெலிசிட்டி என்ற சிற்றூரில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் திடலில் நடத்தும் ராமலீலாவிலிருந்து தொடங்கினார். அதை இழந்துபோன பண்பாட்டின் மிச்சமாகப் பார்த்துப் பரிதாபப்படவே தான் முதலில் போனதாகவும், அங்கே இருந்தது பரிதாபமல்ல, கொண்டாட்டம் என்று பின்னர் உணர்ந்ததாகவும் உலகத்தின் முன் சொன்னார். புலம்பெயர்ந்தோர் பண்பாட்டைப்பற்றி நம் மேடைகளில் கேட்கும் பல பேச்சுகளைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது

செயிண்ட் மேரிஸ் காலேஜ் இன்று விஜீ என்ற தீபகற்பத்தில், சிறு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படை தங்கியிருந்த பகுதி. இப்போது கேம்பிரிட்ஜ் தேர்வு இல்லை. கரீபியன் நாடுகள் சேர்ந்து 1972-இல் அமைத்த தேர்வு மன்றத்தின் தேர்வைத்தான் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதுகிறார்கள்.

பல்லாண்டுகளாக அங்கே பதினொன்று, பன்னிரண்டு வயதில் ‘காமன் என்ட்ரன்ஸ்’ என்ற தேர்வு. அதில் தேறினால் இடைநிலைப்பள்ளியில் இடம். இல்லாவிட்டால் பலருக்கு அத்தோடு படிப்பு சரி. இடைநிலைப்பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ற நிலைமை 2006-இல்தான் வந்தது. அதாவது முதல் நோபல் பரிசு வந்து இருபத்தேழு ஆண்டு கழித்து. அதன்பிறகும் அதிகப் புள்ளி எடுத்த ஆண்பிள்ளையின் பெற்றோர் முதலில் கேட்பது செயிண்ட் மேரிஸ், பெண்பிள்ளை என்றால் கான்வென்ட். இதில் நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரிலும் எந்தப் பள்ளிக்கு எந்தப் பெயர் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும்.

துறைமுகத்தின் மறுபுறம், நகரத்துக்குத் தெற்கே மோர்ன் ஃபார்ச்சூன் என்ற குன்று. அதுவும் பழைய இராணுவ முகாம்தான். அங்கே 1985-இல் சர் ஆர்தர் லூயிஸ் சமூகக் கல்லூரி தொடங்கப்பட்டது. தீவின் எல்லா இடைநிலைப்பள்ளிகளிலிருந்தும் ஐந்தாம் படிவம் முடித்தவர்கள், ஆணும் பெண்ணும், மேற்படிப்புக்கு அங்கே ஏறிவருகிறார்கள். 1991-இல் இறந்த லூயிஸின் கல்லறை அந்தக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. 2017-இல் இறந்த வால்காட்டையும் அதே குன்றில்தான் அடக்கம் செய்தார்கள்.